2,000 டாலர் கார்டு... இன்னும் வேகம் வேண்டுமா?

2017-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு 699 டாலருக்கு அறிமுகமானது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-ன் அறிமுக விலை 1,999 டாலர்; அது மட்டுமே 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும். இவ்வளவு கொடுத்து வாங்கியவர்களும் 'ஓவர்கிளாக்' செய்து கூடுதல் வேகத்தைக் கறக்கப் பார்க்கிறார்கள்.

ஆனால், இன்றைய சிப்கள் ஏற்கெனவே எல்லைக்கு அருகில்தான் ஓடுகின்றன. மிச்சம் கிடைப்பது பெரும்பாலும் சில சதவிகிதமே. மின்னழுத்தத்தை 10 சதவிகிதம் ஏற்றினால், அதே வேகத்துக்கே மின்செலவு சுமார் 21 சதவிகிதம் கூடும். வெப்பமும் விசிறிச் சத்தமும் இலவச இணைப்பு!

அதனால் விவரம் தெரிந்தவர்கள் தலைகீழாக 'அண்டர்வோல்ட்' செய்கிறார்கள். மின்னழுத்தத்தை அளவாகக் குறைத்தால், வேகம் பெரிதாகக் குறையாமலே சூடு தணியும்.

வாங்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் மானிட்டர் விநாடிக்கு 60 ஃபிரேம்தான் காட்டும் என்றால், கார்டு தரும் 120 ஃபிரேமை எங்கே பார்ப்பீர்கள்?