கூடவே இருக்கும் ஒருவன்

குளியலறையைத் தவிர வேறெங்கும் தனியாக இருக்கக் கூடாது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு நேம் பேட்ஜ் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் திரியும் மார்மன் இளைஞர்களுக்கு எத்தனையோ விதிகள் உண்டு. எனக்கு மலைப்பாக இருப்பது இந்த ஒன்றுதான். கடைக்குப் போனாலும் முடிவெட்டப் போனாலும் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கப் போனாலும் இன்னொருவன் கூட வருவான். இரவில் அதே அறையில் படுத்திருப்பான். அவன் யார் என்பதை இவன் முடிவு செய்ய முடியாது. ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம் வாழ்க்கை இப்படித்தான்.

டோக்கியோவின் கிழக்கோரம் நிஷிகசாய் என்றொரு பகுதி. இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். அங்கே நான் குடியிருந்த காலத்தில் இந்தச் சைக்கிள் ஜோடிகளை அடிக்கடி பார்ப்பேன். மதம் பரப்ப வந்தவர்கள் என்ற ஒரு வரியோடு அவர்களைக் கடந்து போய்விடுவது எல்லோருக்கும் எளிது. எனக்கும் வீடு தேடி வந்து மதம் பேசுவதில் உடன்பாடு கிடையாது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன், முகம் தெரியாத ஊரில், நாக்கில் நிற்காத மொழியில், காலையிலிருந்து இரவுவரை என்னதான் செய்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள நினைத்தேன். தெரிந்துகொண்ட பிறகு அவர்கள் மேல் அக்கறை வந்துவிட்டது.

மார்மன் என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பதுதான் முழுப்பெயர்; அதையே சொல்லும்படி சபைத் தலைவராக இருந்த ரஸல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். உலகம் முழுக்க இப்படி 70,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மகனோ மகளோ சேர்த்து வைத்ததும் பெற்றோர் போடுவதுமாகச் செலவை வீடே பார்த்துக்கொள்கிறது. அமெரிக்கக் குடும்பம் என்றால் மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையிலிருந்து 500 டாலர். ஜப்பானுக்குப் போனாலும் பொலிவியாவுக்குப் போனாலும் அதே தொகைதான். விலைவாசி கூடிய நாட்டுக்கும் குறைந்த நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சபை சரிக்கட்டிக்கொள்கிறது.

இந்த நாடுதான் வேண்டும் என்று கேட்க முடியாது. விண்ணப்பத்தோடு டாக்டர் சான்றிதழும் பல் டாக்டர் சான்றிதழும் போகும். போகிற இடத்தில் வலி வந்துவிடக் கூடாதென்று ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஏராளம். சால்ட் லேக் சிட்டியில் அப்போஸ்தலர் பொறுப்பில் இருப்பவர்கள் இடத்தை ஒதுக்குவார்கள். அந்தக் கடிதம் முன்பெல்லாம் தபாலில் வரும், இப்போது இணையத்தில் வருகிறது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, பிள்ளை அதை வாய்விட்டுப் படிப்பது அந்த வீடுகளில் பெரிய விசேஷம். ஜப்பான் என்று வந்தால், யூட்டாவின் ப்ரோவோ நகரில் உள்ள பயிற்சி மையத்தில் சுமார் இரண்டு மாதம் ஜப்பானிய மொழி. பிறகு விமானம். ஊழியம் தொடங்கிய நாளிலிருந்தே பெயருக்கு முன்னால் எல்டர். பெண் என்றால் சிஸ்டர். வீட்டில் கூப்பிட்ட பெயர் அலமாரியில் வைத்த துணிபோலத் திரும்பி வரும்வரை காத்திருக்கும்.

பொதுவாகக் காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். எழுந்ததும் அரைமணி நேரம் உடற்பயிற்சி. பிறகு தனியாக வேதம் படிப்பது, இருவருமாகச் சேர்ந்து படிப்பது, மொழிப் படிப்பு. அதற்கப்புறம் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. சினிமா இல்லை, டிவி இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் அரிசி, முட்டை வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் விட்டிருக்கிறார்கள். அதுவும் மாலை ஆறு மணியோடு சரி.

ஜப்பானில் கதவைத் தட்டுவது என்றால் பெரும்பாலும் கதவையே பார்க்காமல் திரும்புவதுதான். இன்டர்காம் பொத்தானை அழுத்துவார்கள். உள்ளிருந்து கேமராவில் பார்த்துவிட்டு, மிக மரியாதையான குரலில் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். திட்டுகிறவர்கள் அபூர்வம். ஆனால் முகமே இல்லாத மறுப்பை நாள் முழுக்க வாங்கிக்கொள்வது ஒரு தனிக் களைப்பு. ஜூன் மழையிலும் ஆகஸ்ட் புழுக்கத்திலும் அதேதான்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள். சபையில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்புக்குப் பாட்டி வாராவாரம் போய்வருவார். ஜப்பான் முழுக்க இந்த வகுப்புகளை மிஷனரிகள்தான் நடத்துகிறார்கள். ஓர் ஆகஸ்ட் மதியம், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்ற அட்டவணையைக் கேட்க நான் அங்கே போயிருந்தபோது இரண்டு எல்டர்கள் வந்தார்கள். ஒருவன் ஐடஹோ மாநிலத்துப் பையன், வந்து வருஷத்துக்கு மேலானவன். இன்னொருவன் டோங்கா தீவுக்காரன், அப்போதுதான் வந்திருந்தான். ஷூவைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். இரண்டு ஜோடியிலும் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. தாத்தா வீட்டில் இருந்ததால் உள்ளே வந்தார்கள். பாட்டி மட்டும் இருக்கும் நாளென்றால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் விதி.

பாட்டி வழக்கம்போலத் தட்டில் பச்சைத் தேநீர் கொண்டுவந்தார். ஐடஹோ பையன் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக் குனிந்து, மன்னிக்க வேண்டும், எங்களால் குடிக்க முடியாது என்றான். 1833-இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவு நெறி காபி, டீ, மது, புகையிலை நான்கையும் விலக்குகிறது. பச்சைத் தேநீரும் அதே செடியின் இலைதான். ஜப்பானிய வீட்டில், வயதான அம்மா நீட்டிய தேநீரை மறுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பாட்டி முகம் வாடவில்லை. "அட, மறந்தே போச்சு. முகிச்சா குடிப்பீங்கதானே?" என்று எழுந்துபோய், பிரிட்ஜில் இருந்த வாற்கோதுமைக் கஷாயத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். வெயில் காலத்தில் ஜப்பானிய வீடு ஒவ்வொன்றிலும் இருக்கும் பானம் அது. தேயிலை கிடையாது. இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள்.

டோங்கா பையன் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருந்தான். அதைப் பார்க்காமல், மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தான். முடித்தவுடன் அவன் பார்த்தது பாட்டியை அல்ல, பக்கத்தில் இருந்தவன் முகத்தை. ஐடஹோ பையன் லேசாகத் தலையசைத்த பிறகுதான் இவனுக்கு மூச்சு வந்தது. இவர்கள் வாழ்க்கையின் கனம் கதவுகளில் இல்லை, கூட இருக்கும் அந்த ஒருவனிடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

கதவு திறக்காதது ஜப்பானில் புதிய கதையும் இல்லை. 1901 ஆகஸ்டில் யோகஹாமா துறைமுகத்தில் வந்திறங்கிய முதல் குழுவில் நான்கு பேர். தலைவர் ஹீபர் கிராண்ட், ஏற்கெனவே அப்போஸ்தலர். கடைக்குட்டி ஆல்மா டெய்லருக்கு அந்த மாதம்தான் பத்தொன்பது பிறந்திருந்தது. கிராண்ட் மொழியோடு மல்லாடி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் சபையில் சேர்க்க முடிந்தது. 1903-இல் ஊர் திரும்பிவிட்டார். டெய்லர் 1910 வரை அங்கேயே இருந்தான். சபையின் வேதமான மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்ப்பதில் வருஷக்கணக்காக உட்கார்ந்தான். இகுதா சோகோ போன்ற இலக்கியவாதிகள் அந்தக் கைப்பிரதியைத் திருத்திக்கொடுத்தார்கள். 1909-இல் நூல் வெளிவந்தது. ஆனாலும் 1924-இல் சபை மிஷனையே மூடும்போது, அத்தனை வருஷத்தில் சேர்ந்தவர்கள் இருநூறைத் தொடவில்லை. 1948-இல் மறுபடி திறந்தார்கள். இன்று சுமார் 1,30,000 உறுப்பினர்கள் என்கிறார்கள். பன்னிரண்டு கோடிப் பேர் இருக்கும் நாட்டில் அது ஒரு துளி.

ஆகவே ஜப்பானுக்கு வரும் பையன், இரண்டு வருஷத்தில் ஒருவரைக்கூடச் சபையில் சேர்க்காமல் திரும்புவது நடக்கக்கூடியதே. அவன் கண்ணெதிரே நாள்தோறும் தெரியும் ஒரே பலன், பக்கத்தில் இருப்பவனோடு ஒத்துப்போவதோ போகாமலிருப்பதோதான். நம் பிள்ளைகளும் விடுதியில் அறைத்தோழனோடு இருக்கிறார்கள். ஆனால் வகுப்புக்குப் போன நேரமாவது தனியாக இருக்கலாம், பிடிக்காவிட்டால் வார்டனிடம் சொல்லி அறை மாற்றிக்கொள்ளலாம். இங்கே மூன்று வருஷப் பொறுப்பில் வந்திருக்கும் மிஷன் தலைவர்தான் யார் யாரோடு என்று முடிவு செய்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். பழகிய ஊரும் பழகிய ஆளும் இரண்டு நாளில் கைமாறிவிடலாம். பாத்திரத்தை ஊறப்போட்டு மறந்துவிடுகிறவனோடும், ஓயாமல் விசிலடிக்கிறவனோடும், வீட்டை நினைத்து இரவில் அழுகிறவனோடும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியே ஒரு நடை போய்விட்டு வருவதற்குக்கூட வழியில்லை. அந்த நடைக்கும் அவன் கூட வரவேண்டும்.

இதற்காக அவர்கள் கையேட்டிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, நமக்குள் சரியில்லாதது இது, வரும் வாரத்தில் என்ன செய்யலாம் என்று பேச வேண்டும், ஜெபத்தோடு முடிக்க வேண்டும். கல்யாணமாகிப் பல வருஷமான தம்பதிகளே தள்ளிப்போடும் பேச்சு. பத்தொன்பது வயதில் அதைப் பழகியவன், பின்னாளில் எந்த வேலைக்குப் போனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் அது கூட வரும் என்று நான் நம்புகிறேன். மொழியும் வரும்தான். மிஷனரியாக ஜப்பானுக்கு வந்த கென்ட் கில்பர்ட், கென்ட் டெரிகாட் இருவரும் பின்னாளில் அந்நாட்டு டிவியில் சரளமான ஜப்பானியத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகங்களானார்கள். ஆனால் மொழியைவிட இந்தப் பழக்கம் பெரியது.

அதே சமயம், விதி எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. நெடுங்காலம் இவர்கள் வீட்டோடு குரலில் பேசியது வருஷத்துக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு கடிதம், பிறகு வாரம் ஒரு மின்னஞ்சல். மனம் ஊழியத்திலேயே இருக்க வேண்டும் என்பது காரணம். 2019 பிப்ரவரியில் அதை மாற்றினார்கள். வாரந்தோறும் துணி துவைக்கும் அந்த நாளில் வீட்டுக்குப் போன் செய்யலாம், வீடியோவில் முகம் பார்க்கலாம். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஞாயிறு இரவு போனுக்காகக் காத்திருக்கும் தமிழ்த் தாய்மார்கள் எத்தனையோ பேரை நான் அறிவேன். அம்மாவின் குரலைக் கேட்டதால் எந்தப் பிள்ளையின் உறுதியும் குலைந்ததில்லை. அந்த மாற்றம் இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும்.

என் மனதை உறுத்துவது பாதியில் திரும்புகிறவர்கள் விஷயம். உடம்பு முடியாமல், அல்லது மனச்சோர்வும் பதற்றமும் தாங்காமல், ஆறாம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோ வீடு திரும்புகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. சபையும் இதைக் காணாமல் இல்லை. மிஷனரிகளுக்கென்றே மன அழுத்தம் பற்றி ஒரு கையேடு போட்டிருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிலைகளைப் பிரித்து, எந்த நிலையில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சில வருஷங்களாக, வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை ஊழியம் செய்யவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, ஊர் வாய் வேறு. ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய் என்று சபைக்கூட வாசலில் கேட்கும் ஒரு கேள்வி போதும். பெண் கொடுக்க யோசிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளை தன்னையே தோற்றவனாக எண்ணிக்கொண்டு, சபையைவிட்டும் சிநேகிதரைவிட்டும் ஒதுங்கிவிடுகிறான்.

ஹீபர் கிராண்ட் ஜப்பானிலிருந்து கைநிறையப் பலனோடு திரும்பவில்லை. அவரைத்தான் அந்தச் சபை 1918-இல் தன் தலைவராக்கியது. 1945-இல் இறக்கும்வரை அவரே தலைவர். அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்களுக்கு, நோயோடு திரும்பிய சொந்தப் பிள்ளையை அணைத்துக்கொள்வது கஷ்டமாக இருக்க வேண்டியதில்லை. சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் பலூனும் வரவேற்புப் பலகையுமாகத் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று திரண்டு நிற்பார்கள், இரண்டு வருஷம் முடித்து வருகிறவனுக்காக. ஆறாம் மாதத்தில் வந்திறங்கும் பிள்ளைக்கும் அதே கூட்டம் அதே பலூனோடு போக வேண்டும். அவனும் அந்த ஆறு மாதம் குதிகால் தேய நடந்திருக்கிறான், கேமராவுக்கு முன்னால் குனிந்து நின்றிருக்கிறான், முன்பின் தெரியாத ஒருவனுக்கு இரவும் பகலும் துணையாக இருந்திருக்கிறான்.