நிலவறையில் கிடக்கும் முதல்

ஷாம்பெயின் கேட்கும் விருந்தினர்கள் இப்போது கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள்: “இது குடும்ப நிறுவனமா, பெரிய குழுமமா?” நல்ல கேள்வி. அதற்கு நம்மில் பலர் சொல்லும் பதில்தான் போதவில்லை. “ஆமாம் சார், ஐந்து தலைமுறையாகச் செய்கிறார்கள்” என்று தொடங்கிக் குடும்பக் கதையோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு குடும்பத்தின் கையில் இருப்பதால் கிளாஸில் உள்ள ஒயினுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பரிமாறும் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எபர்னே ஊரின் போல் ரோஜேயை எடுத்துக்கொள்வோம். 1849-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் தொடங்கியவரின் வழிவந்தவர்களிடமே இருக்கிறது. சர்ச்சில் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். 1944-இல் பாரிஸில் ஒரு விருந்தில் அவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓடெத் போல்-ரோஜேயைச் சந்தித்தார். நட்பு கடைசிவரை நீடித்தது. 1965-இல் சர்ச்சில் இறந்ததும் பிரிட்டனுக்குப் போன பாட்டில்களின் லேபிளில் கறுப்புக் கரை கட்டினார்கள். 1984-இல் அவர் பெயரிலேயே ஒரு ஒயின் வந்தது. விருந்தினருக்குச் சொல்ல இனிமையான கதைதான். ஆனால் அந்த வீட்டின் குணத்தைக் காட்டுவது அதைவிடப் பழைய நிகழ்ச்சி.

நிறுவனர் 1899-இல் இறந்தார். அடுத்த பிப்ரவரி 23-ஆம் தேதி அதிகாலையில், ஈரம் ஊறிய சுண்ணாம்பு மண் சரிந்து நிலவறையின் ஒரு பகுதி மேலிருந்த கட்டடங்களோடு உள்ளே போனது. 500 பீப்பாய்களும் 15 லட்சம் பாட்டில்களும் புதைந்தன. ஷாம்பெயின் வீட்டில் 15 லட்சம் பாட்டில் என்பது ஓர் ஆண்டின் சரக்கு ஆகாது. பல அறுவடைகளின் உழைப்பும் அவற்றில் போட்ட பணமும் ஒரே இரவில் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் மோரீஸும் ஜார்ஜும் சுரங்கம் வெட்டிச் சரக்கை மீட்க நினைத்தார்கள். மறுபடியும் மண் சரிந்ததால் கைவிட்டார்கள். கடையை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தந்தையின் முழுப்பெயரையே தங்கள் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார்கள். 2018-இல் அதே வளாகத்தில் புதுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, புதைந்துபோன பாட்டில்களில் சில உடையாமல் கிடைத்தன.

இனி ஒயினுக்கு வருவோம். ஆண்டு குறிக்காத ஷாம்பெயின், பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும். அதில் 12 மாதம் ஈஸ்ட் வண்டலோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டு குறித்ததற்கு 3 ஆண்டு. போல் ரோஜே தன் சாதாரண பிரூட் ரிசர்வையே சுமார் 4 ஆண்டு வைக்கிறது. இதைப் பணமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டில் எத்தனை பாட்டில் விற்கிறதோ அதைப்போல் நான்கு மடங்கு எப்போதும் கீழே கிடக்க வேண்டும். அத்தனையும் விளைச்சலுக்கும் கூலிக்கும் கண்ணாடிக்கும் ஏற்கெனவே கொடுத்து முடித்த பணம். பதினாறாவது மாதத்தில் விற்றால் சட்டம் தடுக்காது, லேபிளும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிர்வாகிக்கு அந்த ஆசை வராமல் இருப்பது கடினம். காத்திருந்தால் கிடைப்பது நாக்கில் தெரியும்: செத்த ஈஸ்ட் செல்கள் மெல்ல உடைந்து ஒயினில் கலப்பதால் வரும் ரொட்டி வாசம், வறுத்த கொட்டையின் சாயல், வாயில் உறுத்தாத நுரை.

இந்த வீட்டில் நிலவறைகள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. மிக ஆழமான பகுதி தரைக்கு 33 மீட்டர் கீழே, 9 டிகிரிக் குளிரில் இருக்கிறது. பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் நகரும். வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் வேலையை இங்கே இன்னும் கையாலேயே செய்கிறார்கள். துளையிட்ட இரட்டைப் பலகைகள் கூரைபோலச் சாய்ந்து நிற்கும். பாட்டில்களின் கழுத்தைத் துளைகளில் செருகியிருப்பார்கள். அடிப்பாகத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். ஆள் இரண்டு கைகளாலும் இரண்டு பாட்டில்களை ஒரே நேரத்தில் பிடித்து, சிறு உதறலோடு கொஞ்சம் திருப்பி, முன்பைவிடச் சற்றுச் செங்குத்தாக விட்டு அடுத்ததற்குப் போவார். எந்த பாட்டில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும். கைதேர்ந்தவர் ஒரே நாளில் 40,000 பாட்டிலுக்கு மேல் திருப்புவார். வண்டல் முழுதும் இறங்க வாரக்கணக்கில் ஆகும். கூண்டில் சுமார் 500 பாட்டில்களை வைத்துத் திருப்பும் இயந்திரம் இதையே ஒரு வாரத்தில் முடித்துவிடும்.

கையால் திருப்புவதால் சுவை கூடுகிறது என்று நான் எழுதமாட்டேன். இயந்திரம் இறக்கிய வண்டலும் சுத்தமாகத்தான் வெளியேறுகிறது. நல்ல ஷாம்பெயின் வீடுகள் பல இயந்திரத்தையே நம்புகின்றன. விருந்தினரிடம் இதை மந்திரம்போலச் சொல்வது தவறு. இங்கே நான் பார்ப்பது வேறு. செலவைக் குறைக்கச் சுலபமான வழி கண்முன் இருந்தும், ஒரு கைத்தொழிலையும் அதைச் செய்யும் ஆட்களையும் விடாமல் வைத்திருக்கும் முடிவை உரிமையாளரால் மட்டுமே எடுக்க முடியும். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

அதற்காகக் குடும்பம் என்ற சொல்லுக்கே மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. குருக் 1999 முதல் எல்விஎம்எச் குழுமத்தில் இருக்கிறது. அதன் கிராண்ட் குவே இன்றும் பல குடும்ப வீடுகளின் ஒயினைவிட நீண்ட காலம் நிலவறையில் தங்குகிறது. குடும்பச் சொத்துக்கு உள்ளிருந்தே ஆபத்தும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கை அவர்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை பங்குதாரர் பெருகுவார்கள். தோட்டத்தில் கால் வைக்காதவர்கள் பணம் கேட்பார்கள். 2005-இல் தெத்தாஞ்ஜே குடும்பத்தின் நிறுவனம் ஸ்டார்வுட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டே பியர்-இமானுவேல் தெத்தாஞ்ஜே ஒரு வங்கியின் துணையோடு ஷாம்பெயின் வீட்டை மீட்டார். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். ‘ஆர்எம்’ என்றால் தன் தோட்டத்துத் திராட்சையிலேயே ஒயின் செய்யும் விவசாயி. ‘சிஎம்’ என்றால் கூட்டுறவுச் சங்கம். ‘என்எம்’ என்றால் திராட்சையை வெளியில் வாங்கவும் உரிமையுள்ள நிறுவனம். போல் ரோஜேயும் குழுமங்களும் இதே ‘என்எம்’-க்குள்தான் வருகின்றன. ஆகவே முதலாளி யார் என்பதை லேபிள் சொல்லாது. நாம்தான் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஒயின் பட்டியலை அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு ஷாம்பெயினுக்கும் கீழே இரண்டு விவரம் சேருங்கள்: உரிமையாளர் யார், வண்டலோடு எத்தனை மாதம் இருந்தது. இரண்டாவது விவரம் கிடைக்காவிட்டால் விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் ஒயினுக்கு உங்கள் பட்டியலில் இடம் கொடுக்காதீர்கள்.