மைலுக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதியா?

அமெரிக்க நாட்டிலே சொந்தத் தொழில் நடத்துவோர், தொழிலுக்காகத் தம் காரை ஓட்டினால், அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம். பெட்ரோல் ரசீதுகளை மூட்டை கட்ட வேண்டியதில்லை. மைலுக்கு இவ்வளவு என்று வரித்துறையே ஆண்டுதோறும் விகிதம் அறிவிக்கிறது. தேதி, இடம், காரியம், மைல் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் போதும். நல்ல ஏற்பாடுதான், மறுப்பாரில்லை.

ஆனால், விகிதங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். 2025ஆம் ஆண்டிலே தொழிலுக்கு 70 சென்ட். மருத்துவத்துக்கு 21 சென்ட். தொண்டுக்கு 14 சென்ட்!

மருத்துவத்துக்குக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. தேய்மானம், இன்சூரன்ஸ் ஆகியவற்றை நீக்கி, பெட்ரோல் போன்ற ஓட்டச் செலவை மட்டும் கணக்கிடுகிறார்கள். தொண்டுக்கோ கணக்கே கிடையாது! 1997இல் நிறைவேறிய சட்டத்திலே 14 சென்ட் என்று எழுதினார்கள். 1998 முதல் அதே 14தான். அந்த ஆண்டு 32.5 சென்டாக இருந்த தொழில் விகிதம் இரு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. 2022இல் பெட்ரோல் விலை ஏறியபோது, நடு ஆண்டிலேயே தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் 4 சென்ட் கூட்டினார்கள். பசித்தவன் வீட்டுக்குச் சோறு சுமந்த வண்டிக்கு மட்டும் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அந்த வண்டிக்கு மட்டும் பழைய விலைக்குப் பெட்ரோல் ஊற்றினார்களோ?

இதைவிடக் கொடுமை கூலிக்கு உழைப்பவர் நிலை. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் இருவரை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு 10,000 மைல் ஓட்டுகிறார்கள். ஒருவர் சுயதொழில் செய்பவர். 2025ஆம் ஆண்டு விகிதப்படி அவர் 7,000 டாலர் கழிக்கலாம். மற்றவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், அவருக்குச் சுழியம்! முன்பு வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட செலவையேனும் கழிக்க இடமிருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2025 வரை நிறுத்தி வைத்தது. 2025இல் வந்த சட்டமோ நிரந்தரமாகவே மூடிவிட்டது.

“முதலாளி ஈடு செய்யலாமே, அதற்கு வரியும் இல்லையே!” என்பார்கள். செய்யலாம், செய்தே தீரவேண்டும் என்று கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே சொல்கின்றன. மத்திய சட்டமோ, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வருமானம் சரியாதவரை வாய் திறப்பதில்லை.

டயர் தேய்வதிலே முதலாளி, தொழிலாளி என்ற பேதம் உண்டா? தொண்டு விகிதத்தையும் ஆண்டுக் கணக்கிலே சேர்க்கட்டும். உழைப்பவனுக்கு மூடிய கதவைத் திறக்கட்டும். அளவுகோல் என்று பெயரிட்டால் போதாது. அது எல்லோரையும் அளக்கவேண்டும்!