தொங்கும் முன் ஒரு நிமிடம்!



உடம்பை ஏத்தணும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. மாதாமாதம் ஜிம்முக்குப் பணம் கட்ட எல்லா வீட்டாலும் முடியுமா? அதனால்தான் கதவு நிலையில் மாட்டுகிற புல்-அப் பாரை, ஒரே செலவு என்று வாங்குகிறோம். அக்னிவீர் ஜெனரல் டியூட்டி தேர்வில் 'பீம்' 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுக்காவிட்டால் வெளியே. அதற்காக வாங்குபவர்களும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் வாங்கும்போது மட்டும் நாம் டிப்ளமோ மாணவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். என் கருத்து இதுதான்: பாரைப் பார்த்து வாங்காதே, நிலையைப் பார்த்து வாங்கு!

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். இப்படி ஒரு பாரைப் பற்றிச் சொன்னதும், "நிலை கதவைத் தாங்கத்தான் வெச்சது தம்பி, ஆளைத் தாங்க இல்ல" என்றார். சிரிப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் உண்மை தெரியும்.

கடையில் கிடைப்பது முக்கியமாக மூன்று வகை.

1) திருகி இறுக்குவது: ஆணி கிடையாது, உராய்வு மட்டும்தான் பிடிமானம். 60 கிலோ ஆள் சும்மா தொங்கினால் சுமை சுமார் 590 நியூட்டன். எட்டிக் குதித்துப் பிடித்தால்? திடீரென ஏறும் சுமை இரண்டு மடங்கு தகைவு தரும் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே! ஆக 120 கிலோ கணக்கு. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், நிலையின் இரு கால்களையும் பார் தலா 200 கிலோ அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பளபளக்கும் எனாமல் பெயின்ட், கொஞ்சம் தூசி இருந்தால் கெழு இன்னும் குறையும். பார் வழுக்கினால் விழுவது முதுகு அடிபட!

2) கொக்கி போல் மாட்டுவது: இது நிலையைச் சுற்றி மரச்சட்டம் துருத்திக்கொண்டிருக்கும் அமெரிக்க வீடுகளுக்குப் பொருந்துவது. நம்ம ஊர் 9 இஞ்ச் செங்கல் சுவரில், பூச்சோடு சமமாக இருக்கும் நிலையில் கொக்கி எங்கே உட்காரும்?

3) கிண்ணம் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது: மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். சுமையை உராய்வு அல்ல, கிண்ணமும் ஸ்க்ரூவும் தாங்கும். ஆனால் நிலை கெட்டி மரமாக இருக்கணும். கரையான் அரித்த நிலை, பி.வி.சி. நிலை என்றால் வேண்டவே வேண்டாம். நிலை சுவரிலிருந்து ஆடுகிறதா, ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை வீடா? ஓனரைக் கேட்காமல் துளை போடாதீர்கள். திட்டு வாங்குவது நாம் இல்லை, அம்மா அப்பா. மஞ்சள் குங்குமம் வைக்கிற தலைவாசலையும் விட்டுவிட்டு உள் அறை நிலையைப் பாருங்கள். நிலையே சரியில்லை என்றால் பூங்காவிலோ மைதானத்திலோ உள்ள கம்பி போதும். அதற்குக் காசும் இல்லை!

மாட்டியாச்சு. அடுத்து? எடுத்தவுடன் குதித்துத் தொங்காதீர்கள். காலைத் தரையில் ஊன்றி, பாதி எடையைக் கொடுத்துத் தினமும் சோதியுங்கள். கீழே அம்மி, ஸ்டூல் எதுவும் வேண்டாம். முதல் சில வாரம் 20, 30 விநாடி தொங்குவது மட்டும். பிறகு ஆடாத ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாக 5 எண்ணி இறங்குங்கள். ஸ்டூலை ஒருவர் நகர்த்தினால் நல்லது. உள்ளங்கை நம்மைப் பார்த்த பிடி ஆரம்பத்தில் சுலபம். ஊஞ்சல் ஆடாதீர்கள், ஆட்டம் ஏற ஏற சுமையும் ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

நண்பர்களே, நம்மைப் படிக்க வைப்பவர்கள் கூலி வேலையில் உடம்பைத் தேய்த்தவர்கள். அவர்களின் ஒருநாள் உழைப்பு ஆஸ்பத்திரி பில்லாகக் கூடாது. படித்த சூத்திரம் பரீட்சைத் தாளோடு முடியலாமா? நம் வீட்டு நிலையிலும் அதைப் போட்டுப் பார்ப்போம். அப்புறம் தைரியமாகத் தொங்குவோம்!