சவுதியில் மன்னர் எழுதும் சட்டம்: கடிவாளம் யாருக்கு?

ஒரே குற்றம். ஒரு ஊர் நீதிபதி சில மாத சிறை கொடுக்கிறார், இன்னொரு ஊர் நீதிபதி பல வருஷம் கொடுக்கிறார். சவுதி அரேபியாவில் இது நடக்கக்கூடிய விஷயம்தான். பல குற்றங்களுக்கு இதுதான் தண்டனை என்று சொல்லும் பொதுவான தண்டனைச் சட்டம் அங்கே எழுதப்படாமலேயே இருந்தது.

அப்படின்னா சட்டமே இல்லையா?

இருக்கு. தமிழ்நாட்டில் இருந்து வேலைக்குப் போனவரின் சம்பளப் பிரச்னைக்கு 2005-ல் வந்த தொழிலாளர் சட்டம் உண்டு. போதைப்பொருள், சைபர் குற்றம் போன்றவற்றுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் திருமணம், ஒப்பந்தம், நஷ்டஈடு என்று வந்தால், முன்பெல்லாம் நீதிபதி ஹன்பலி மரபின் பழைய நூல்களைப் பார்த்து, தானே ஆராய்ந்து தீர்ப்பு சொல்லிவந்தார்.

இதை ஒரே தொகுப்பாக்க மன்னர் அப்துல் அஜீஸ் 1927-லேயே முயற்சி செய்தார். மார்க்க அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இறைவனின் சட்டம் இருக்கும்போது மனிதன் சட்டம் எழுதுவதா என்ற கேள்வி அங்கே சாதாரணமானது அல்ல. இன்றைக்கும் மன்னர் பிறப்பிக்கும் சட்டத்துக்குப் பெயர் 'நிஜாம்', அதாவது ஒழுங்குமுறை. 'கானூன்' என்று சொல்ல மாட்டார்கள். பெயரிலேயே ஒரு சமரசம்!

இப்போ என்ன மாறுது?

2021 பிப்ரவரியில் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் நான்கு சட்டங்களை அறிவித்தார். சாட்சியச் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. மின்னணு ஆதாரமும் அதில் ஏற்கப்படுகிறது. 700-க்கும் அதிகமான பிரிவுகளோடு சிவில் சட்டம் 2023-ல் வந்தது. ஒப்பந்தம் முறிந்தால் என்ன கிடைக்கும் என்று முதலீட்டாளர்கள் இனி முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

குடும்பச் சட்டம்தான் சிக்கலானது. 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று வெளியானது. 18 வயதுக்குக் குறைந்தவரின் திருமணம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் பெண்ணின் திருமண ஒப்பந்தத்தை ஆண் பாதுகாவலர்தான் செய்துவைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கு. முன்பு வழக்கமாக இருந்தது, இப்போது அச்சிலேயே ஏறிவிட்டது.

மன்னரை இது கட்டுப்படுத்துமா?

இல்லை. நாடாளுமன்றத் தேர்தல் கிடையாது. ஷூரா சபையின் 150 உறுப்பினர்களையும் மன்னரே நியமிக்கிறார், அவர்கள் ஆலோசனைதான் சொல்ல முடியும். 1992 அடிப்படைச் சட்டத்தின் 44-வது பிரிவுப்படி நீதித்துறை உட்பட எல்லா அதிகாரங்களுக்கும் இறுதி இடம் மன்னர்தான். நீதிபதியிடம் இருந்த அதிகாரம் மக்களிடம் வரவில்லை, அரண்மனைக்குப் போகிறது. ஒரு ஆணையில் வந்ததை இன்னொரு ஆணையில் மாற்றலாம்.

இதில் முக்கியமானது நான்காவது சட்டம். 'தஃஸீர்' எனப்படும், நீதிபதி தன் விருப்பப்படி தண்டிக்கும் குற்றங்களுக்கானது. இந்த வகை வழக்குகளில் கசையடி வேண்டாம், அபராதமோ சிறையோ போதும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் முடிவெடுத்தது. ஆனால் எத்தனை வருஷ சிறை? அதைச் சொல்ல வேண்டிய அந்தச் சட்டம், மற்ற மூன்றும் வந்த பிறகும், 2023 முடியும்வரை வரவில்லை. அப்படி ஒரு வழக்கில் கைதானவருக்கு அதிகபட்சம் என்ன கிடைக்கும் என்று அவருடைய வக்கீலாலும் சொல்ல முடியாத நிலைதான்.