கார்புரேட்டர் வழிந்தால் மாற்றத்தான் வேண்டுமா?

பயிரில் பூச்சி தென்பட்டபின் மருந்து தெளிக்கக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. காற்று எழும் முன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் கிடைக்கும் சில மணி நேரமே அதற்கு ஏற்றது. அந்த நேரத்தில் விசைத்தெளிப்பானின் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் கிளம்பாமல், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் சொட்டிக் கொண்டிருந்தால், உழவருக்கு ஒரு தெளிப்பே தவறிவிடுகிறது. பழுது பார்க்க எடுத்துச் சென்றாலோ, 'கார்புரேட்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும்' என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. பல வேளைகளில் இது வீண் செலவு. கோளாறு ஒரு தூசியில் இருக்க, முழுக் கருவியையும் மாற்றுவது, வாய்க்கால் மடையில் செத்தை அடைத்ததற்காக மடையையே இடித்துக் கட்டுவதைப் போன்றது.

வழிவது ஏன்?

கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை மேலெழுந்து, ஒரு ஊசி வால்வைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை மூடுகிறது. மட்டம் குறைந்தால் வழி திறக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவைக் குழாயும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஊசி சரியாக மூடாவிட்டால் கிண்ணம் வழியும். தூசி அல்லது துரு சிக்குதல், ஊசி முனை தேய்தல், மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுதல், மிதவை தன் அச்சில் சிக்கிக் கொள்ளுதல் ஆகிய நான்குமே முக்கியமான காரணங்கள்.

சோதிக்கும் வரிசை

முதலில் காக்கை மூட வேண்டும். கருவியைத் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, மருந்துக் கறை போகக் கழுவித் துடைக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. என்ஜின் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்து, கோளாறு கிண்ணத்திலா, சோக்கிலா என்று பிரித்தறிய வேண்டும். என்ஜினை ஓட்டாமல் காக்கை மட்டும் திறந்து சில நிமிடம் கவனித்தால் இது விளங்கும். பெட்ரோல் சொட்டினால் குற்றம் ஊசியிலோ மிதவையிலோ இருக்கிறது. சொட்டவில்லை, ஆனால் ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கிறது என்றால், சோக்கை மூடியபடியே பலமுறை கயிறு இழுத்திருக்கலாம். அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, காக்கை மூடி, பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். சுவிட்சை நிறுத்தும் நிலையில் வைத்து, பிளக் வயரைத் துளைக்கு எட்டாமல் ஒதுக்கி, சோக்கையும் திராட்டிலையும் முழுதும் திறந்து ஐந்தாறு முறை கயிறு இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

சொட்டுவது உறுதியானால், திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். சிக்கிய ஊசி சில சமயம் இதிலேயே விடுபடும். நிற்கவில்லை என்றால், அடித் திருகைத் திறந்து பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அடியில் துருத் துகளோ, தனித்து நிற்கும் நீரோ தெரிந்தால் நோய் டாங்கியில் இருக்கிறது என்று பொருள். டாங்கியைக் கழுவாமல் கார்புரேட்டரை மாற்றினால் புதியதும் சில நாளில் வழியும்.

பிறகு கிண்ணத்தைக் கழற்றலாம். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் இருப்பது தெரிந்துவிடும். ஊசி முனையைச் சுற்றி வளையம்போல் தடம் விழுந்திருந்தால் ஊசியை மாற்ற வேண்டும். ஊசி உட்காரும் இடத்தைப் பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கம்பியோ உப்புத்தாளோ பட்டால் அது கெட்டுவிடும். மீண்டும் பொருத்தியபின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் துவாரத்தில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி ஊத வேண்டும். காற்று புகாவிட்டால் ஊசி நன்றாக மூடுகிறது.

களை எடுக்கும் கருவி போன்ற நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில் இன்னொரு சோதனையும் அவசியம். வழிந்த பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். ஆயில் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பிஸ்டனையும் பேரிங்கையும் தின்றுவிடும். ஊசிக்கு ஆகும் செலவோடு முடிய வேண்டியது என்ஜின் வேலையில் போய் முடிவது இப்படித்தான்.

புதிய பெட்ரோல், பழைய கருவி

இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2025-ல் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய கருவிகளின் சில வகை ரப்பர் பாகங்களையும் அது பாதிக்கும். ஆகவே பருவம் முடிந்ததும் டாங்கியையும் கிண்ணத்தையும் காலி செய்து வைப்பது முன்னைவிட இப்போது முக்கியம். அன்றாடம் வேலை முடிந்ததும் காக்கை மூடுவது அதனினும் எளிது, பைசாச் செலவில்லை.

மானியத்தோடு பயிற்சியும் வேண்டும்

2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் உபஇயக்கத்தின் கீழ், பல கருவிகளுக்குச் சிறு, குறு உழவருக்கும், மகளிருக்கும், ஆதி திராவிட, பழங்குடி உழவருக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் கருவியைக் கையில் கொடுத்து, அதைக் காப்பாற்றும் அறிவைக் கொடுக்காமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இதுவரை உழவருக்குக் கைகொடுத்தவர் ஊரில் உள்ள இருசக்கர வாகன மெக்கானிக். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் புதிய பெட்ரோல் வாகனங்களில் ஏறக்குறைய எல்லாம் கார்புரேட்டரை விட்டு, எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. இனி தொழில் கற்கும் இளைஞருக்குக் கார்புரேட்டர் பழக்கம் குறைந்துகொண்டே போகும். வயலில் உள்ள சிறு என்ஜின்களிலோ அது இன்னும் இருக்கிறது. இந்த இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும்.

மானியக் கருவி வழங்கும் நாளிலேயே, கிண்ணத்தைக் கழற்றி மாட்ட உழவருக்குக் கற்றுத்தர வேண்டும். வீட்டில் கருவியைக் கையாளும் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். விற்பனையாளர் ஊசி, மிதவை, வாஷர் ஆகியவற்றைத் தனித்தனியே இருப்பில் வைக்க வேண்டும் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை நிபந்தனையாக்கலாம். முழுக் கார்புரேட்டர் மட்டுமே கிடைக்கும் கடையில் மெக்கானிக்கும் அதைத்தான் மாட்டுவார்; அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மாட்டுக்குக் கழிச்சல் என்றால் தீனியா, தண்ணீரா, புழுவா என்று பார்க்கத் தெரிந்தவர் நம் உழவர். அதே கண் என்ஜின் மீதும் விழ வேண்டும். காக்கை மூடி, பிளக்கைப் பார்த்து, கிண்ணத்தைச் சோதித்தபின் கடைக்குப் போகும் உழவர், எதை மாற்ற வேண்டும் என்பதைத் தாமே சொல்லி வாங்கி வருவார்.