ஒன்பதாம் நாள் தாயத்து



இந்த இதழுக்காக ரோமானிய நகைகளின் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தோம். இத்தாலியின் பொம்பெயி நகரில் கிடைத்த பாம்பு வளையல்களைத்தான் எல்லோரும் வியந்து பார்த்தார்கள். என் கண் போய் நின்றது ஒரு சிறுவனின் கழுத்தணியில். உப்பலான இரண்டு தங்கத் தகடுகளை வாயோடு வாய் பொருத்தி மூடியிருக்கிறார்கள். கயிறு கோக்க மேலே ஒரு வளையம். அதன் பெயர் புல்லா. நம் பேச்சில் சொன்னால் தாயத்து, வேறென்ன!

ரோமில் அடிமையாகப் பிறக்காத ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் பெயர் சூட்டுவார்கள். பெண்ணுக்கு எட்டாம் நாள். தொப்புள்கொடி விழும்வரை குழந்தை பாதிச் செடிதான் என்கிற மாதிரி ஒரு விளக்கம் தருகிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பிள்ளை தங்குமா தங்காதா என்று தெரியாமல் கழிந்த நாட்கள் அவை. அந்தச் சடங்கையொட்டித்தான், கண்ணேறு படாமலிருக்க, கழுத்தில் புல்லா ஏறும். வசதியில்லாத வீட்டில் தங்கத்துக்குப் பதில் தோல். பெண் குழந்தைக்குப் பிறை வடிவப் பதக்கம். பையன் வளர்ந்து பெரியவர்களுக்குரிய தோகா என்னும் ஆடையை உடுத்தும் நாளில் புல்லாவைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்துவிடுவான். பெரும்பாலும் அது மார்ச் 17, லிபெராலியா திருநாள்.

கண்ணேறுக்குப் பயந்தவர்கள் குழந்தை பெற்றவர்கள் மட்டுமல்லர். வெற்றி ஊர்வலம் வரும் தளபதியும் புல்லா அணிந்தார். ஊரே அண்ணாந்து பார்க்கும் நாளல்லவா! அதற்குள் பொறாமையை முறிக்கும் மருந்துகளை வைத்திருந்தார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ். தளபதியின் தேருக்கு அடியில் ஆண்குறி வடிவக் காப்பு ஒன்றும் தொங்கியது. அதே வடிவத்தைச் சிறு பதக்கமாக்கிக் குழந்தைகளுக்கும் போட்டார்கள். கூச்சமெல்லாம் நமக்குத்தான்.

2019இல் பொம்பெயியில் ஒரு நகைப்பெட்டி கிடைத்தது. மரம் மக்கிப்போய் வெண்கலக் கீல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அம்பர் மணி, வண்டு வடிவக் கற்கள், குட்டிக் குட்டிக் காப்புப் பதக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. அத்தனை காவலையும் பெட்டியில் வைத்திருந்த ஊரைத்தான் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடியது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோமானியர் பவழத்தையும் குழந்தைக் காப்பாகக் கட்டினார்கள். மத்தியதரைக் கடலில் எடுத்த அந்தப் பவழம் கப்பலேறி நம் முசிறிக்கும் வந்ததை 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கிரேக்கக் கடல்வணிகக் கையேடு பதிவு செய்திருக்கிறது. ரோமானியர் நம் முத்துக்கு ஏங்கியதுபோல் இந்தியர் அவர்களுடைய பவழத்துக்கு ஏங்கினார்கள் என்று எழுதுகிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அந்த மோகத்தால் அது விளையும் கடற்கரையிலேயே அரிதாகிவிட்டதாம்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் பிள்ளைக்குக் கட்டிய பவழமோ தாயத்தோ இருந்தால், யார் யாருக்குக் கட்டியது என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்